பூச்சிக்கு ஆகாது

786
கிருஷ்ணகிரி
14.2.1988

பாகலூர் ராஜாத்தியம்மாள் அவர்களுக்கு ஃபகருன்னிசா எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்கவில்லை. நீங்களும் விசாரிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் குடியிருந்த மாதங்களில் வாய்க்கு வாய் ராஜாத்தியக்கா என்று கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அந்த அக்கா வராது, எழுதக் கை வரவில்லை.

உங்கள் பட்டுப்பூச்சிகள் செத்த மறுநாள் என் தகரப் பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தீர்கள். உங்கள் வீடு, உங்கள் வாசல். நான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்தச் சாயபு பொண்ணு வேணும்னே சாம்பிராணி போட்டுப் பூச்சியக் கொன்னுட்டா” என்று பால் சொசைட்டி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். பாகலூர்ப் பேச்சு பாகலூரிலேயே நிற்குமா? எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. உங்கள் தெரு நாகம்மா தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். இப்போது நான் ஓசூரில் ஏறினால் எழுந்துபோய் டிரைவர் பின்னால் நின்றுகொள்கிறாள். சீட் காலியாகக் கிடக்கிறது, அவள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள்.

ஓசூரில் வீடு தேடுகிறேன். கதவைத் திறந்ததும் “பாகலூர்ல இருந்தியே, அந்தப் பொண்ணா நீ?” என்கிறார்கள். அடுத்த கேள்வி இல்லை, கதவுதான். விடியும் முன்னால் இங்கிருந்து பஸ் பிடித்து ஓசூர் போய், அங்கே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறேன். அண்ணன் ரசூல் முடிவாகச் சொல்லிவிட்டான். “நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள ஓசூர்ப் பக்கம் வீடு கெடச்சா இரு. இல்லன்னா வேலைய உட்டுட்டு வீட்டோட கெட.”

அந்த மீட்டர் கம்பெனி வேலை எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். கட்டியவன் பெங்களூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு என்னைக் கைவிட்ட பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல் நான் சாப்பிடுகிற சோறு அது.

சாம்பிராணி போட்டேன், மறுக்கவில்லை. என்னைப் பெற்ற அத்தா இறந்து ஒரு வருஷம் ஆன நாள். அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டு ஃபாத்திஹா ஓதிச் சாம்பிராணி போட்டேன். போடாதே என்று நீங்கள் சொன்னதால்தான் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். என் அத்தாவுக்கு நான் செய்வதைத் தடுக்க நீங்கள் யார்? ஆனால் உங்கள் பூச்சியைக் கொல்லப் போடவில்லை. அதை நீங்கள் சொன்ன இடத்திலேயே மாற்றிச் சொல்லுங்கள்.

ஃபகருன்னிசா

*

உ
பாகலூர்
21.2.88

ஃபகருன்னிசாவுக்கு ராஜாத்தி எழுதுவது.

மாற்றிச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நீ எழுதிய எழுத்துக்கு அது போதாது.

பூச்சிக்குப் புகை ஆகாது என்று குடிவந்த அன்றைக்கே சொன்னேன். கார்த்திகைக்கு ஒரு தடவை சொன்னேன். அன்று காலை நீ சாம்பிராணிப் பொட்டலத்தோடு கடையிலிருந்து வந்தபோது வழிமறித்துச் சொன்னேன். ஊதுபத்தி, கொசுவத்தி, மிளகாய் வறுக்கிற நெடி எதுவும் ஆகாது, உன் அறைக்கும் பூச்சி அறைக்கும் நடுவே ஒரே சுவர், மேலே திறந்த சாளரம் என்று கையை நீட்டிக் காட்டினேன். அதைக் கேட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

நாலாவது தோல் உரித்து, தின்னத் தொடங்கியிருந்த பூச்சி. மல்பெரித் தழை போட்டால் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். மறுநாள் காலை கதவைத் திறந்தேன், சத்தமே இல்லை. தட்டுத் தட்டாகத் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பச்சை பச்சையாகக் கக்கிக்கொண்டு கிடந்தன. நானும் என் வீட்டுக்காரரும் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டினோம். குழந்தைகளுக்குப் பார்த்த மாதிரி பார்த்த பூச்சி. எனக்கு வயிறு எரியாதா? எரிந்ததைத்தான் சொசைட்டியில் சொன்னேன்.

இன்னொன்று. உன் பெட்டியை வாசலில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன்.

ராஜாத்தி

*

கிருஷ்ணகிரி
28.2.1988

ராஜாத்தியம்மாள் அவர்களுக்கு,

சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டுக்கு வருமுன் ஓசூரில் நான் ஏறி இறங்காத தெரு இல்லை. பேரைச் சொல்லும்வரை எல்லாம் சரியாக நடக்கும். தண்ணீர்க் குழாயைக் காட்டுவார்கள், மாடிப்படியைக் காட்டுவார்கள். பேரைச் சொன்னதும் ஒரு அம்மாவுக்குத் திடீரென்று ஊரிலிருந்து மாப்பிள்ளை வருவதாக நினைவு வந்துவிட்டது. இன்னொரு வீட்டில் அப்போதுதான் வெள்ளையடிக்க முடிவு செய்தார்கள். ஒரு பெரியவர் கிணற்றில் தண்ணீர் இல்லை என்றார், அவர் மனைவி பின்னால் அதே கிணற்றில் வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. எல்லோரிடமும் நல்ல காரணம் இருந்தது.

கடைசியில் நீங்கள் வீடு கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டு, சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடாது, பூச்சிக்கு ஆகாது என்றீர்கள். ஓஹோ, இவர்கள் வீட்டுச் சாக்கு பூச்சியா என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. புழு ஓதுவதைத் தடுக்கும் என்று முதல் தடவையாகக் கேட்கிறேன்.

நான் நினைத்தது தப்பென்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். நான் ஷிஃப்ட் முடிந்து பொதுவழியைத் தாண்டி என் அறைக்குப் போனதும், நான் மிதித்த இடத்தில் வெள்ளையாகத் தூளைத் தூவினீர்களே, எதற்கு? எத்தனையோ நாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். பக்ரீத் அன்று சேமியாப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் போனேன். உங்கள் எருமை தொட்டியில் முகம் வைத்து முந்திரிப்பருப்போடு குடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பூச்சிக்கு ஆகாதா?

ஃபகருன்னிசா

*

பாகலூர்
6.3.88

ஃபகருன்னிசாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சநாள் சுற்றினேன். இப்போது புதுப் பூச்சி இறக்க அறையையும் தட்டையும் கழுவிக்கொண்டிருக்கிறேன், உட்கார நேரமில்லை. இருந்தாலும் பதில் சொல்லாமல் விட்டால் நீ ஜெயித்ததாக நினைப்பாய்.

தூள் சுண்ணாம்புத் தூள். வெளியிலிருந்து வருகிற கால் எதுவானாலும் நோய் கொண்டுவரும் என்று தூவுவது. என் புருஷன் கால் பட்டாலும் தூவுவேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தால் அவள் காலிலேயே தூவுவேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கில் பார்த்தாய், உனக்கு உன் கால் தடம் மட்டும்தான் தெரிந்தது. கதவைத் திறந்து பார்த்திருந்தால் எல்லோர் தடமும் தெரிந்திருக்கும்.

பூச்சி இருக்கிற நாளில் என் வீட்டுச் சாமிக்கே கற்பூரம் கிடையாது. பொங்கலுக்குத் தேங்காய் உடைத்தேன், சூடம் காட்டவில்லை. கார்த்திகை விளக்கைத் தெருவாசலில்தான் வைத்தேன். என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் பீடி குடிக்க ஏரிக்கரைக்குப் போய்விட்டு, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார். நீ ஒருநாளும் கவனிக்கவில்லை. சாக்கு என்று முடிவு கட்டிக்கொண்டவளுக்குக் கவனிக்க என்ன இருக்கிறது?

ஊரில் பத்துப் பேர் பொய் சொன்னதற்கு நான் என்ன செய்வது? எனக்குப் பொய் சொல்லத்தான் வேண்டுமென்றால் வீடே கொடுத்திருக்க மாட்டேனே. உள்ளதை உள்ளபடி சொன்னேன். உள்ளதை எப்படிச் சொன்னால் நீ நம்பியிருப்பாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாயசம் பூச்சிக்காக ஊற்றியது இல்லை. அது நான்தான். கறி புழங்கிய பாத்திரம், எதன் மேல் எது பட்டதோ என்று நினைத்தேன். உனக்குத் தெரியக்கூடாது என்றும் நினைத்தேன். நீ பார்த்துவிட்டாய். இதற்குக் காரணம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ராஜாத்தி

*

கிருஷ்ணகிரி
13.3.1988

ராஜாத்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது எருமைப் பத்தியைத்தான். மறுப்பீர்கள், கோபப்படுவீர்கள், நான் இன்னும் பெரிதாகக் கோபப்படலாம் என்று தயாராக இருந்தேன். நீங்கள் ஒத்துக்கொண்டு என் கையைக் கட்டிவிட்டீர்கள். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பாயசத்துக்கு நல்ல நெய் ஊற்றியிருந்தேன்.

சுண்ணாம்பு விஷயத்தில் நான் தோற்றேன். மற்றவர்கள் கடந்துபோனபோது நான் பார்த்ததே இல்லை. நான் போகும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் ஏரிக்கரைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மனுஷன் பெண்டாட்டிக்குப் பயந்து ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். “புகை இல்லாட்டி துஆ போய்ச் சேராதுன்னு யாரும்மா சொன்னது?” என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். புகையில்லாமலே ஓதியிருக்கலாம். நீங்கள் தடுத்ததாக நினைத்ததால் எனக்குப் புகைதான் ஃபாத்திஹா என்று ஆகிவிட்டது. என் புகையால் உங்கள் பூச்சி செத்திருந்தால் அந்தப் பாவம் என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் தெரியாமல் செய்ததும் வேண்டுமென்று கொன்றதும் ஒன்றாகிவிடாது. நீங்கள் சொசைட்டியில் சொன்னது இரண்டாவது. அது பொய். “தெரியாம செஞ்சுட்டா” என்றாவது மாற்றுங்கள். போன வாரம் ஓசூரில் ஒரு வீட்டம்மா என்னிடம் “எங்க வீட்ல கோழி வளக்கறம்மா” என்றாள். கோழியையும் நான் கொன்றுவிடுவேனாம். பெருநாள் நெருங்குகிறது.

ஃபகருன்னிசா

*

பாகலூர்
17.4.88

ஃபகருன்னிசாவுக்கு ராஜாத்தி எழுதுவது.

இத்தனை நாள் எழுதாததற்கு நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். நினைத்தது சரிதான், எழுத மனமில்லாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தடவைப் பூச்சியும் செத்தது. அதே மாதிரி, தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பச்சையாகக் கக்கிக்கொண்டு. உன் அறை பூட்டிக் கிடக்கிறது. யாரும் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. அடுப்பைக்கூட மாட்டுக்கொட்டகைக்கு மாற்றி வைத்திருந்தேன்.

சாவு தொடங்கிய அன்றே தட்டுத் தட்டாக எடுத்துப் பார்த்தேன். புகையில்லாமல் எப்படி என்று யோசித்தேன். கடைசித் தட்டு ஒன்றில் மட்டும் பூச்சி நன்றாக இருந்தது. அந்தத் தட்டுக்கு முதல்நாள் தழை பற்றாமல் கிணற்றோரச் செடியில் கிள்ளிப் போட்டிருந்தேன். மற்றதெல்லாம் கீழ்ப்பக்கச் செடித் தழை. உயிரோடு மிஞ்சியதை இரண்டாகப் பிரித்தேன். பாதிக்குக் கிணற்றோரத் தழை, பாதிக்குக் கீழ்ப்பக்கத் தழை. கீழ்ப்பக்கத் தழை தின்றது எல்லாம் பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. கிணற்றோரம் தின்றது இன்றைக்குக் கூடு கட்டுகிறது.

கீழ்ப்பக்கச் செடிக்கு அடுத்த வரப்பில் என் கொழுந்தன் முனிராஜின் தக்காளி. ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற தக்காளி, புள்ளி விழக்கூடாதென்று மருந்து அடித்துக்கொண்டே இருப்பார். காற்று நம் பக்கம். நினைத்துப் பார்த்தால், உன் அத்தா நாளுக்கு முதல்நாளும் அவர் மருந்து அடித்தார். நானே மூக்கைப் பொத்திக்கொண்டு தழை பறித்தேன். சாம்பிராணி பூச்சிக்கு ஆகாதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அன்று கொன்றது உன் புகை இல்லை.

முனிராஜிடம் தனியாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “அந்தச் சாயபு பொண்ணு செஞ்சதுன்னு ஊரே சொல்லுது. நீங்கதான சொன்னீங்க? இப்ப என்னாத்துக்கு அண்ணி மாத்தறீங்க?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஒருவர் தலையில் ஏற்கெனவே ஏற்றிவிட்ட மூட்டையை ஏன் இறக்கித் தன் தலையில் வைக்க வேண்டும் என்று பார்க்கிறார்.

நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. கிணறு பொது, பம்ப்செட் சாவி அவரிடம். வெளியே சொன்னால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மல்பெரி காயும். என் வீட்டுக்காரர், தம்பியை எதிர்த்து வாய் திறக்கிறவர் இல்லை. அதனால் இது உனக்கும் எனக்கும் இருக்கட்டும். உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ கொல்லவில்லை. அதோடு விடு.

ராஜாத்தி

*

கிருஷ்ணகிரி
21.4.1988

ராஜாத்தியம்மாவுக்கு,

நோன்பு வைத்திருக்கிறேன். நோன்பில் கோபப்படக் கூடாது. படுகிறேன்.

‘அதோடு விடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதை விடச் சொல்கிறீர்கள்? நான் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா, நீங்கள் இன்லண்டு லெட்டர் வாங்கி எழுதித்தான் தெரிய வேண்டுமா? நாகம்மாவுக்குத் தெரியுமா? ஓசூர்க் கோழிக்காரம்மாவுக்குத் தெரியுமா? என் பேரைத் தெருவில் நிறுத்தி அடித்துவிட்டு, தபாலில் மருந்து அனுப்புகிறீர்கள். பழியை எங்கே போட்டீர்களோ அங்கே வந்து எடுங்கள். சொசைட்டியில் போட்டீர்கள். சொசைட்டியில் எடுங்கள்.

எங்கள் லைனில் அஸ்மத் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ராயக்கோட்டைக்காரி, பத்தொன்பது வயது. பாகலூரில் அறை கேட்டுப் போயிருக்கிறாள். “உங்க ஆளுங்களுக்குக் குடுக்கறதில்ல, பூச்சி செத்துப்போவுது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாம்பிராணி போடாத பெண், பாகலூரை முதல் தடவையாகப் பார்த்த பெண். உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

உங்களுக்குத் தண்ணீர் நிற்கும். எனக்குத் தெரியும் அது சின்ன விஷயம் இல்லை என்று. எனக்கு வேலை நிற்கும். அதை உங்கள் தராசில் வைத்தீர்களா?

ஃபகருன்னிசா

*

கிருஷ்ணகிரி
2.5.1988

ராஜாத்தியம்மாவுக்கு,

பதில் இல்லை. வராது என்று இன்றைக்குத் தெளிவாகிவிட்டது. பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அண்ணன் என் ராஜினாமாக் கடிதத்துக்கு வெள்ளைத்தாள் வாங்கிவந்து மேஜை மேல் வைத்திருக்கிறான்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எருமை விஷயத்தை நீங்கள் ஒத்துக்கொண்டபோது இந்த அம்மா உண்மை பேசுகிறவள் என்று நினைத்துவிட்டேன். அது நஷ்டமில்லாத உண்மை, அதனால் பேசினீர்கள். நஷ்டம் வருகிற உண்மை என்றதும் வாய் மூடிக்கொண்டீர்கள். நீங்கள் பயந்தவள். வீட்டுக்காரர் தம்பியை எதிர்த்து வாய் திறக்கிறவர் இல்லை என்று எழுதினீர்களே, இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

இனி எழுத மாட்டேன்.

ஃபகருன்னிசா

*

பாகலூர்
6.5.88

ஃபகருன்னிசாவுக்கு ராஜாத்தி எழுதுவது.

உன் இரண்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அன்று நீ எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் என்று சொல்கிறேன், கேள்.

திங்கட்கிழமை காலை பால் சொசைட்டி. வழக்கம்போல வரிசை. என் முறை வந்தது. சின்னராஜ் பால் அளக்கிற படியை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கேனைக் கொடுக்காமல் வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதலில் தெலுங்கில் சொன்னேன். பிறகு கன்னடத்தில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். எனக்கு விளங்கவில்லை என்று ஒருத்தரும் நாளைக்குச் சொல்லக்கூடாது. “அந்தப் பொண்ணு பூச்சியக் கொல்லல. எங்க தக்காளி மருந்துதான் கொன்னுச்சு. நான்தான் தப்பா சொன்னன். இங்க நின்னு சொன்னன், அதனால இங்க நின்னே மாத்தறன்” என்றேன். உன் கடிதத்தில் இருந்த வார்த்தைதான். கடன் வாங்கிக்கொண்டேன்.

முனிராஜின் பெண்டாட்டி வரிசையில் இருந்தாள். பாலை அளக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பெரியவர் “வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கறத ஏம்மா தெருவுக்குக் கொண்டாந்த?” என்றார். “அவ பேரத் தெருவுக்குக் கொண்டாந்தப்ப நீங்க ஏன் இதக் கேக்கல?” என்றேன். அவர் கேனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

மத்தியானத்துக்குள் பம்ப்செட் கொட்டகைக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. கோவிந்தப்பன் தம்பியிடம் போய் ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. ஆனால் சாயந்திரம் தானாகவே இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய்க்குப் போனார். கிணற்றோரச் செடிக்கு ஊற்றுகிறார். பத்தாது. இருந்தாலும் ஊற்றுகிறார். இந்த மனுஷனையும் நான் சரியாகக் கணக்குப் போடவில்லையோ என்று இருக்கிறது.

நான் பயந்தவள் என்று எழுதியிருக்கிறாய். நேரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று வாபஸ் வாங்காதே. பயந்தேன். ஒரு வாரமாகத் தினமும் சொல்லப் போய், கேனை அளந்துகொண்டு சும்மா திரும்பி வந்தேன். திங்கட்கிழமையும் பயந்துகொண்டுதான் போனேன். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் பெருநாள் போய்விடும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

ராஜாத்தி

*

786
கிருஷ்ணகிரி
9.5.1988

ராஜாத்தியக்கா,

வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நீங்கள் கேனோடு திரும்பி நின்ற அந்த நேரத்தில் நான் வேலைக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்து ‘நல்ல பொருத்தம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. உங்களைப் பற்றி நான் எடுத்த முடிவுகளில் ஒன்றாவது தேறுமா என்று பார்த்தேன். எருமை ஒன்றுதான் தேறுகிறது.

சனிக்கிழமை பஸ்ஸில் நாகம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பெனி கேட் வந்ததும் “எங்க மாடி ரூம் காலியாதான் கெடக்குது. வர்றதுன்னா வா” என்றாள். அவளுக்கு அதுவே பெரிய காரியம், எனக்குத் தெரியும். அந்த அறையை அஸ்மத்துக்குக் கொடு என்றேன். அவள் கொஞ்சம் விழித்தாள், பிறகு சரி என்றாள். எனக்கு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறதா? எழுதுங்கள்.

இரக்கப்பட்டு வரவில்லை அக்கா. மன்னிப்பு வாங்கவோ கொடுக்கவோ வரவில்லை. வாடகைக்கு வருகிறேன். முன்பு சொன்ன வாடகை, முன்பு சொன்ன சட்டம். பூச்சி இருக்கிற நாளில் நான் புகை போட மாட்டேன். வேறு எந்தச் சட்டமாவது கொண்டுவந்தால் அது பூச்சிக்கா, உங்களுக்கா என்று முகத்துக்கு நேரே கேட்பேன். நீங்களும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டு வெள்ளைத்தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “ஊரு மொத்தம் ஒன்னைத் தள்ளி வெச்சிருக்கசொல்ல அங்க தனியா எப்டி இருப்ப? அதான் வீட்டோட கெடன்னு சொன்னன்” என்றான். அக்கறையைக்கூடத் திட்டுகிற மாதிரியே சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று சண்டை போட்டேன். அவனும் போட்டான். பெட்டியை அவனே கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறான்.

ஃபகருன்னிசா

*

பாகலூர்
13.5.88

ஃபகருன்னிசாவுக்கு,

வீடு இருக்கிறது. அறையைக் கழுவிவிட்டேன். பெருநாளை உன் அண்ணன் வீட்டில் முடித்துக்கொண்டு வா.

வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. பால் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவள் ஒரு எட்டு தள்ளி நிற்கிறாள், பின்னால் நிற்கிறவளும் அப்படியே. நான் போனால் பேச்சு நின்றுவிடும். நீ வந்தால் இது குறையாது, கூடும். யோசித்துக்கொள்.

உன்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். நீ குடியிருந்தபோது தெருவில் போகிற போக்கு எனக்குப் பிடிக்காது. இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்க்காமல், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாய். புருஷன் விட்டுப்போனவளுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று நினைப்பேன். நினைத்தது மட்டுமில்லை, இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அந்த இடைவெளிக்கு நடுவே தினமும் நிற்கிறேன். குனிந்தால் அழுதுவிடுவேன் என்பதால் நிமிர்ந்து நிற்கிறேன். முந்தாநாள் பின்னாலிருந்து ஒருத்தி, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: “இவ்ளோ செஞ்சுட்டும் திமிரப் பாரு.”

எனக்குக் கோபம் வரவில்லை. உன் நினைவுதான் வந்தது. ஒருத்தி எதை அடக்கிக்கொண்டு அப்படி நடக்கிறாள் என்று தெரியாமல் நானும் இதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தழை பறிக்கப் போனேன்.

காலையில் ஒரு பஸ் இருக்கிறது, சாயந்திரம் ஒரு பஸ் இருக்கிறது. இருட்டியபின் வந்து இறங்கினால் யார் கண்ணிலும் படாமல் உள்ளே வந்துவிடலாம், உனக்கும் சங்கடம் இருக்காது. அப்படி வராதே. பால் அளக்கிற நேரத்துக்கு வா. நான் வரிசையில்தான் நிற்பேன். பெட்டியில் ஒருபக்கம் நான் பிடிக்கிறேன்.

ராஜாத்தி